கெல்வர்டன் கிணற்று நீர்

என் பெயர் ஆமோஸ் லார்ட்டர். தார்ன்மியர் ஆலயத்தில் நாற்பத்தோராண்டுகளாகக் கோயிற்பிள்ளையாக இருக்கிறேன். காலையில் எழுந்தவுடன், அடுப்பு மூட்டுவதற்கும் முன்னதாக, கைகளை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவுவது என் வழக்கம். ஆலயத்தைத் திறந்த பிறகு ஒருமுறையும், பூட்டிய பிறகு ஒருமுறையும் கழுவுவேன். வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டுவேன். குடித்துவிட்டு ஒருநாளும் மணியடித்ததில்லை. என் மனைவி கெசியா உயிரோடிருந்த காலத்தில், "உங்களக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு சோப்புக்கட்டியக் கட்டிக்கிட்டிருக்கலாம், அதாச்சும் கொஞ்சம் கரையும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு இடது காது கேளாது. ஆதலால் தன் வேடிக்கைப் பேச்சையெல்லாம் உரக்கவே பேசுவாள்.

குருவானவர் பெல்லமி ஐயா, இத்தாள்களைப் பிரசங்க பீடத்திலுள்ள வேதாகமத்தினுள் வைக்கப் போகிறேன். இன்று வியாழக்கிழமை. தாங்கள் அதனை ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பீர்கள். இடையில் திறக்கமாட்டீர்கள் என்பதனைப் பல்லாண்டுகளாக அதன்மீது தூசி தட்டி வருபவன் என்ற முறையில் நான் அறிவேன்.

என் மேசைமீது இப்போது ஒரு வெள்ளிக் குப்பி இருக்கிறது. கெல்வர்டன் மாளிகைக்குரியது. நாளைக் காலை எட்டு மணிக்குள் இதனை நிரப்பி மாளிகையில் சேர்க்கவேண்டும். பிறந்து பதினாறு நாளான ஆம்புரோஸ் கெல்வர்டன் என்னும் குழந்தை இதிலிருந்து நாளையும் நாளை மறுநாளும் பருகும். நிரப்புவதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, கல்லறைத் தோட்டத்திலுள்ள கெல்வர்டன் கிணறு. மற்றொன்று, என் வீட்டுக் கூரையோரத்து மழைத்தொட்டி. எதிலிருந்து எடுக்கிறேன் என்பதைப் பொறுத்தே அக்குழந்தையின் ஆயுள் அமையும். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதினால் மனம் தெளிவடையும் என்று எண்ணி எழுதுகிறேன்.

கெல்வர்டன் குடும்பத்தைப் பற்றித் தாங்கள் அறியாததில்லை. ஆயினும் ஆலயத்தை நான் கீழிருந்து பார்த்தவன். தாங்கள் மேலிருந்து பார்த்தவர். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பீடத்தின் முன்னுள்ள நிலவறை வாய் வரை முப்பத்தோரடி. நானூறாண்டுகளாக அக்குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவரும் இந்தத் தொட்டியில் பெயர் பெற்று, அந்த வாய் வழியாக இறங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் மண்ணுக்குப் போகிறார்கள். கெல்வர்டன்கள் மண்ணைத் தொடுவதில்லை. ஈயப் பெட்டியில் அடைத்து, அதன்மேல் ஓக் பெட்டியில் அடைத்து, நம் காலடியில் அடுக்கி வைக்கப்படுகிறார்கள். நாம் அவர்கள்மீது நின்று அப்பமும் திராட்சரசமும் பெறுகிறோம்.

ஈயம் என்றென்றும் தாங்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். தாங்குவதில்லை. தார்ன்மியர் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் நிலவறையில் இடுப்பளவு தண்ணீர் ஏறும். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஒலியைப் பிரசங்கத்தின் நடுவே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். அப்போதெல்லாம் தங்கள் குரலைச் சற்று உயர்த்துவீர்கள்.

பதின்மூன்றாண்டுகளுக்கு முன்பு, ஹம்ஃப்ரி துரையை அடக்கம் செய்தபோது ஜூன் மாதம். பெருத்த உடம்பு. மகன் ரேனல்ட் துரை வெளிநாட்டிலிருந்து வரும்வரை பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஈயப் பெட்டியின் பக்கங்கள் உப்பிப் பீப்பாய்போல் ஆகிவிட்டன. துளையிட்டு வாயுவை வெளியேற்றவேண்டும். அது கோயிற்பிள்ளையின் வேலை. துளையிட்டேன். என் கையிலிருந்த மெழுகுவத்தியின் சுடர் நீலமாயிற்று. பிறகு துளை வழியே வேறொன்று வந்தது. அதன் நிறத்தைப் பற்றி எழுதவேண்டிய அவசியமில்லை. அது என் சட்டைக் கைக்குள் முழங்கை வரை ஓடிற்று. மேலே தாங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று முதல்தான் முழங்கை வரை கழுவுகிறேன்.

அந்தக் கோடை முழுவதும் ஆலயத்தில் நாற்றம் நின்றது. கெல்வர்டன் குடும்பத்தினர் தங்கள் அடைப்பிருக்கையில், ஆளுயரப் பலகைகளுக்குள், சொந்த அடுப்பும் வாசனைத் திரவியமுமாக அமர்ந்திருந்தார்கள். பிரசங்கம் நீண்டால் ரேனல்ட் துரை அடுப்புக் கோலால் அடுப்பின் கம்பியைத் தட்டுவார், தாங்கள் முடித்துவிடுவீர்கள். பீடத்தின் படியோரப் பலகைகளில் காது மந்தமான முதியவர்களும் ஏழைகளும் அமர்வார்கள். கெசியாவும் அங்கேதான் அமர்வாள். எழுந்துவந்து பின்னால் உட்காரச் சொன்னேன். "பின்னால போனா ஐயரு வாயசைக்கிறதுதான் தெரியும். நாத்தம் எனக்கென்ன புதுசா, உங்க துணியத் தொவைக்கிறவ நான்தானே" என்றாள்.

நிலவறையைச் சுண்ணாம்பிட்டு மூடிவிடலாம் என்று ரேனல்ட் துரையிடம் கேட்டேன். அவர் நாய்களுக்கு ரொட்டி வீசிக்கொண்டிருந்தார்.

"என்னடா ஆமோஸ், எங்கப்பா உனக்கு நாறுறாரோ?"

"தண்ணி ஏறுதுங்க துரை. பெட்டி விரிஞ்சிருக்கு. சனங்க மூச்சுவிட முடியல."

"அவனுங்க வீட்டுல பன்னியோட படுக்கிறவனுங்க. அங்க மட்டும் மூச்சு விடுறானுங்களா? எங்கப்பன் நாத்தம் நாலு நாளைக்கு மூக்குல ஏறினா கொஞ்சம் மரியாதையாவது ஏறும். போ, போய் மணியத் துடை."

தாங்கள் அருகில் நின்றீர்கள். "துரை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு ஆமோஸ்" என்றீர்கள். தங்களுக்கு இப்பதவியை அளித்தவர் அவர் தந்தை என்பதனை நான் மறக்கவில்லை. ஆதலால் தங்களைக் குறை கூறவில்லை.

அதற்கடுத்த குளிர்காலத்திற்கும் அடுத்ததில் கெசியா இறந்தாள். மருத்துவர் அதனைக் காய்ச்சல் என்றார். நான் அதனை ஹம்ஃப்ரி துரை என்பேன்.

தென்புறத்தில், காய்ந்த மண்ணில், அவளுக்கு ஓர் இடம் கேட்டேன். தென்புறம் அடைப்பிருக்கையின் சன்னலுக்கு நேரே இருக்கிறது. புதுக் கல்லறைகள் பார்வைக்கு நன்றாக இரா என்று மறுக்கப்பட்டது. வடபுறத்தில் தோண்டினேன். இரண்டடியில் தண்ணீர் வந்தது. பிப்ரவரி மாதம். பெட்டியை இறக்கினோம்; அது மிதந்தது. என் தம்பி மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு பக்கம் எழும்பிற்று. வேறு வழியில்லாமையால் நான் பெட்டியின்மீது ஏறி நின்றேன். தம்பி என் முழங்கால் வரை மண்ணைக் கொட்டினான். அதன் பிறகே அது அடங்கிற்று. என் கால்களுக்குக் கீழே பலகை எவ்விதம் அசைந்ததென்பதனை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ரேனல்ட் துரை வேட்டைக்குப் புறப்பட்டவர் வேலியருகே குதிரையை நிறுத்திப் பார்த்தார். "மெதக்கிறாளே ஆமோஸ்! சூனியக்காரிங்கதான் மெதப்பாளுங்கன்னு எங்க ஆயா சொல்லும். நல்லாப் பாத்துக்கடா" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு வேடிக்கை என்று பட்டதைச் சொன்னார்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். பீடச் சுவருக்கு வெளியே, நிலவறையிலிருந்து பன்னிரண்டடித் தொலைவில், அது இருக்கிறது. ஆலயத்தைக் கட்டிய முதல் கெல்வர்டன் தோண்டியது. ஊர்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது எந்தத் தண்ணீராயினும் தாழ்வில்லை. நான் மழைத்தொட்டியிலிருந்து எடுத்துச் சற்றுச் சூடாக்கி ஊற்றுவேன். கெல்வர்டன் குழந்தைக்கு மட்டும் அக்கிணற்று நீரே வேண்டும். பிற குழந்தைகளின் விஷயத்தில், சடங்கு முடிந்ததும் தொட்டி நீரை மண்ணில் விட்டுவிடுவோம். கெல்வர்டன் குழந்தை தொட்ட நீரை மண்ணில் விடக்கூடாதாம். அதனை இந்த வெள்ளிக் குப்பியில் அடைத்து மாளிகைக்குக் கொண்டுபோய், ஏழு நாள், காலையில் ஒரு கரண்டியும் மாலையில் ஒரு கரண்டியும் குழந்தைக்கு ஊட்டுவார்கள். முன்னோர் தோண்டிய நீர் உள்ளே சென்றால்தான் பிள்ளை கெல்வர்டன் ஆகிறான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மாளிகையில் குடிக்கவும் சமைக்கவும் வேறு நல்ல கிணறு உண்டு. இக்கிணற்றை அந்த ஏழு நாளுக்கல்லாமல் வேறெதற்கும் எவரும் பயன்படுத்துவதில்லை.

வசந்தகாலந்தோறும் நிலவறைத் தண்ணீரை வாளியால் இறைத்துக் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து வாய்க்காலில் ஊற்றுவது என் பணி. முந்நூறு வாளிக்குக் குறையாது. கெசியா போன பிறகு என் முதுகு தளர்ந்துவிட்டது. மூன்றாண்டு கழித்து, நிலவறைச் சுவரின் அடியில் ஒரு துளையிட்டுச் சுட்ட மண்குழாய்கள் பதித்தேன். குழாயை வாய்க்கால் வரை கொண்டு செல்ல நூறடி தோண்டவேண்டும். கிணறு பன்னிரண்டடியில் இருந்தது. குழாயைக் கிணற்றில் விட்டேன். வேலை மிகவும் எளிதாயிற்று. தண்ணீர் தானே வடிந்தது.

குழாய் பதித்த அடுத்த ஆண்டு முதல் குழந்தை பிறந்தது. ரோலண்ட். கொழுகொழுவென்றிருந்தான், தொட்டியருகே தங்கள் அங்கியைப் பிடித்திழுத்தான், நினைவிருக்கும். அன்று காலை நான் கிணற்றிலிருந்து முகந்தபோது நீர் பழுப்பாயிருந்தது. மேலே மெல்லிய ஆடை படிந்திருந்தது. கலங்கல் நீரைத் தொட்டியில் வைத்தால் பார்க்க நன்றாயிராது. ஆதலால் மெல்லிய துணியில் மூன்றுமுறை வடிகட்டிப் படிகாரம் ஒரு சிட்டிகை இட்டுத் தெளிய வைத்தேன். கண்ணாடிபோல் ஆயிற்று. ஆயினும் என் கடமையை மறக்கவில்லை. உடுப்பறையில் தங்களிடம், "ஐயா, கிணத்துத் தண்ணி முந்தி மாதிரி இல்ல" என்று சொன்னேன். தாங்கள், "அதெல்லாம் துரை காதுல போடாத ஆமோஸ், இன்னிக்கு நல்ல நாள்" என்றீர்கள். எனவே சொல்லவேண்டியவரிடம் நான் சொல்லியாயிற்று.

ரோலண்ட் ஞானஸ்நானம் பெற்ற பதினோராம் நாள் இறந்தான். வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். நிலவறையைத் திறந்தேன். பெட்டி சிறியது, ஒருவனாகவே சுமந்து இறங்கிவிட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்திராத ஒன்றின்மேல் பழி சுமத்துவது முறையன்று. ஆகையால் சோதித்துப் பார்த்தேன். என் வீட்டுப் பன்றி குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டிக்கும் தாய்க்கும் மூன்று நாள் அந்நீரைக் கொடுத்தேன். குட்டி ஐந்தாம் நாள் செத்தது. தாய்ப்பன்றி ஒரு வாரம் படுத்து எழுந்தது. அதன்பின் எனக்கு ஐயமில்லை. குழாயை எடுத்துவிட்டிருக்கலாம். ஆயின் அந்த ஆண்டு மழை அதிகம். வாளி சுமக்க என் முதுகு இடங்கொடுக்கவில்லை.

இரண்டாவது, ஹாரியட் என்ற பெண் குழந்தை. அவளுக்கு மூன்று கரண்டி போதுமானதாயிருந்தது. மூன்றாவது கில்பர்ட், நான்காவது மாட். மாட் மட்டும் பத்தொன்பது நாள் இருந்தாள். அவள் அழுகை தோட்டத்து வேலி வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஒருமுறையும் நான் துணி மாற்றாமல் வடிகட்டியதில்லை. குப்பியைச் சாம்பலிட்டு விளக்கிய பிறகே ஊற்றினேன். ஊரில் அக்குடும்பத்தின்மேல் சாபமிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மூடநம்பிக்கைகளை நான் ஆதரிப்பதில்லை. ரேனல்ட் துரையோ, ஒவ்வொரு சாவுக்குப் பின்பும் வழக்கத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். நான்காவது குழந்தைக்கு மூன்று வேளை ஊட்டச் சொன்னார். அதனை நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

நான் அவர்களுக்கு எதனையும் புதிதாகக் கொடுக்கவில்லை என்பதனைத் தாங்கள் கவனிக்கவேண்டும். அவர்களுடைய நிலவறை, அவர்களுடைய கிணறு, அவர்களுடைய தந்தை. ஊரார் மூக்கில் ஏறவேண்டும் என்று அவர் விரும்பியதை அவர் பிள்ளைகளின் வாயில் போய்ச் சேரும்படி ஒரு குழாய் வைத்தேன், அவ்வளவே.

கடந்த பிப்ரவரியில் ரேனல்ட் துரையின் மனைவி லிடியா துரைசாணி ஆலயத்திற்குத் தனியே வந்தார். ஏழு மாதக் கர்ப்பம். சுவரில் பதித்த கல்லில் நான்கு பெயர்களையும் விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்டர் லார்ட்டர்," என்று கூப்பிட்டார். அந்த மாளிகையிலிருந்து எவரும் என்னை அவ்விதம் அழைத்ததில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தத் தண்ணில ஏதாவது இருக்கா?"

"பழைய கிணறுங்கம்மா" என்றேன்.

"எங்கப்பா லின் துறைமுகத்துல கப்பல் வச்சிருந்தவரு. தண்ணிய மோந்து பாத்தே எத்தன நாளான பீப்பான்னு சொல்லிடுவாரு. போன தடவ அந்தக் கரண்டிய நான் மோந்து பாத்தேன். தெளிவாத்தான் இருந்துச்சு. ஆனா தெளிவுக்குப் பின்னால என்னமோ இருந்துச்சு. அவருகிட்ட சொன்னேன். 'கப்பக்காரன் மகளுக்கு எங்க வம்சத்துத் தண்ணி நாறுதா'ன்னு கேட்டாரு. அத்தோட சரி."

நான் அடுத்த விளக்கை எடுத்துத் துடைத்தேன்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு மழைத்தண்ணியாமே? எல்லாம் ஓடியாடித் திரியுதுங்க. இந்தப் பிள்ளைக்கும் அதையே ஊத்துங்க. ஒருத்தருக்கும் தெரிய வேணாம். இவரு கெணத்துத் தண்ணின்னே நெனைச்சுக்கட்டும். உங்களால மட்டும்தான் முடியும்." இப்படிச் சொல்லிக் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பற்றினார். கெசியாவுக்குப் பிறகு என் கையை எவரும் தொட்டதில்லை. அவர் கை மிகவும் சூடாயிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபடியே செய்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆம்புரோஸுக்குத் தாங்கள் ஊற்றியது என் கூரையிலிருந்து விழுந்த மழைநீர். குப்பியிலும் அதுவே சென்றது. இன்று ஐந்தாம் நாள்; குழந்தை நன்றாகப் பால் குடித்து, நன்றாக உறங்குகிறது. இந்த ஐந்து நாட்களில் நானும் ஓரளவு நன்றாகவே உறங்கினேன் என்பதனை மறைக்கவேண்டியதில்லை. குழாயை எடுத்துவிடவேண்டும் என்றுகூட எண்ணியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாளிகையில் நடந்த விருந்தில் தாங்களும் இருந்தீர்கள். மணியடிப்பவர்களுக்கு ஏல் மது தருவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கதவோரம் நின்றேன். ரேனல்ட் துரை வெள்ளிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா? சாபம் சாபம்னு சொன்னானுங்க. கெல்வர்டன் தண்ணி கெல்வர்டன் ரத்தத்தக் காப்பாத்திருச்சு!" என்று சொல்லி, குப்பியிலிருந்ததைப் பிராந்தியில் கலந்து விருந்தினர் எல்லாருக்கும் ஊற்றினார். தாங்களும் பருகினீர்கள். என் கூரையில் புறாக்கள் அமரும். அது வேறு விஷயம்.

பிறகு அவர் தம் நன்றிக் காணிக்கையை அறிவித்தார். பழைய நிலவறை நிறைந்துவிட்டதாம். வாரிசு பிறந்த மகிழ்ச்சியில் வடபுறத்தில் செங்கற்களால் புது நிலவறை எழுப்பப் போகிறாராம். சதுப்பு நீர் ஏறாதபடி, கல் படிக்கட்டுடன்.

"வடபக்கம் பூரா கல்லறையாச்சேங்க துரை" என்றார் விருந்தினர் ஒருவர்.

"யாரு கெடக்கிறான் அங்க? கூலிக்காரனும் கொத்தனும். எல்லாத்தையும் வாரி ஒரே குழியில போட்டா ஒருத்தனுக்கொருத்தன் துணையாச்சு. உயிரோட இருக்கறப்பவே அப்படித்தானே படுத்துக் கெடந்தானுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ஆமோஸ், உன் பொண்டாட்டி கெடக்கிற எடத்துலதான்டா படிக்கட்டு வருது. திங்கக்கிழமை நீயே ஆரம்பிச்சிரு. கவலப்படாத, இப்பவாவது காஞ்ச எடத்துக்குப் போவா. இல்ல, மறுபடியும் மெதப்பாளா?"

தாங்கள் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. தட்டிலிருந்த வாத்துக் கறியை வெட்டிக்கொண்டே, "ஆலயத்துக்கு நல்ல காணிக்கை" என்றீர்கள். நான் என் மதுவைக் குடித்து முடித்தேன். நல்ல மதுதான்.

இன்று நண்பகலில் ஹெப்சிபா குப்பியைக் கொண்டுவந்தாள். கெசியாவின் தங்கை மகள், பத்தொன்பது வயது, மாளிகையில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். என் மேசையில் உட்கார்ந்து, கேட்காமலேயே என் மாவுருண்டைகளில் ஒன்றை எடுத்துத் தின்றாள்.

"பெரியப்பா, அங்க நடந்த கூத்தக் கேட்டீங்கல்ல? ஐயாமாருங்க பிள்ளையோட தண்ணிய மொத்தமாக் குடிச்சுத் தீத்துட்டாங்க. தீர்த்தம்னு சொல்லிக்கிட்டு மாஜிஸ்திரேட்டு ரெண்டு கிளாஸு கேட்டு வாங்குனாரு! அடியில கெடந்தத வச்சு இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டேன். இன்னும் ரெண்டு நாளைக்கு வேணும். துரைசாணி அம்மா சொல்லச் சொன்னாங்க, 'அதே தண்ணி'ன்னு. அப்படிச் சொன்னாலே உங்களுக்குப் புரியுமாம். அதென்ன பெரியப்பா அதே தண்ணி?"

"தொட்டித் தண்ணியச் சொல்றாங்க" என்றேன்.

"சூடு பாக்கணும்னு மொதல்ல நான் ஒரு வாய் குடிச்சுப் பாப்பேன். அப்புறம் அவனுக்கு. மிச்சத்த நான் நக்கிருவேன், சாமித் தண்ணிய கீழ ஊத்துனா பாவம்ல? நேத்து கரண்டியக் கவ்விக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டான், திருட்டுப் பய. கெல்வர்டன் மூக்குதான், ஆனா சிரிக்கிறப்ப அம்மா மாதிரியே இருக்கான்."

ஒரே கரண்டியை இருவர் வாயில் வைப்பது மிகவும் அருவருக்கத்தக்க பழக்கம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நெற்றியைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இப்போது மாலை ஐந்து மணி. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்ததில் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, நான் சினங்கொண்டு எதனையும் செய்கிறவன் அல்லன். செவ்வாய்க்கிழமை இரவே இதனை முடிவு செய்திருந்தால் அது சினம் எனப்படும். இரண்டு நாள் பொறுத்திருக்கிறேன். குழந்தையின்மீதும் எனக்கு வருத்தமில்லை. அவன் அக்குடும்பத்தில் பிறந்தது அவன் குற்றமன்று; ஆயின் வளர்ந்தால் அடுப்புக் கோலை அவன்தான் எடுப்பான்.

அடுத்து, ஹெப்சிபா. ருசி பார்க்காதே என்று அவளிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்கும் சுபாவமுடையவள். காரணத்தைச் சொல்லாமல் மறைப்பது எனக்குக் கடினம். தாய்ப்பன்றி எழுந்துவிட்டது, இவளும் திடமான உடம்புக்காரி. ஒரு வாரத்தில் எழுந்துவிடுவாள் என்றே எண்ணுகிறேன். கரண்டியை நக்கும் பழக்கமும் அத்தோடு நீங்கும்.

இவையனைத்தையும்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நாற்பத்தோராண்டுப் பணியில் நான் எவரையும் ஏமாற்றியதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக ஏமாற்றினேன். கிணற்று நீர் என்று ஒரு தந்தை நம்பியிருக்க, மழைநீரை ஊற்றினேன். அவர் அந்தக் குப்பியைத் தூக்கிப் பிடித்துத் தம் முன்னோர் நீர் என்று பெருமை பேசியபோது, கதவோரம் நின்ற எனக்கு உண்மையாகவே வெட்கமாயிருந்தது. அவர் கேட்டது ஒன்று. நான் கொடுத்தது வேறொன்று. அந்நான்கு குழந்தைகளின் விஷயத்தில் என் மனச்சாட்சி இவ்விதம் உறுத்தியதில்லை. அவர்களுக்குக் கேட்டதையே கொடுத்தேன். ஆலயத்தில் பணிபுரிபவன் பொய்க்கு உடந்தையாயிருத்தல் ஆகாது. செய்த தவற்றை உணர்ந்தவன் திருத்திக்கொள்ளவேண்டும் என்று தாங்களே பலமுறை பிரசங்கித்திருக்கிறீர்கள்.

ஆகவே கிணற்றிலிருந்தே எடுத்துச் செல்வதென்று முடிவு செய்துவிட்டேன். துரைசாணி கேட்டால், மழைத்தண்ணீர்தான் என்று சொல்வேன்; பிள்ளை பெற்ற உடம்பு, வீணாக மனங்கலங்கக் கூடாது.